தப்பு என் பக்கம்தான்

“எருமை மாடுகூட இதைவிட வேகமாப் போகும்…”

நகரமாட்டேன் என்று அடம்பிடித்த பேக்கப்பைத் திரையில் பார்த்துத் தமிழில் முணுமுணுத்தான் கோகுல்நாத். மராத்தி ஊரான தளேகாவில் ஒரு தொழிற்சாலையின் நெட்வொர்க்கைக் கவனிக்கக் கோயம்புத்தூரிலிருந்து அன்றுதான் வந்திருந்தான். மழையில் தொப்பலாக நனைந்து வேறு இருந்தான்.

“மாடு நல்லாதான் இருக்கு. உங்க நெட்வொர்க் ரோடுதான் கராப்… மோசம்!” பின்னால் ஒரு பெண் குரல்.

திரும்பினான். அடடா… என்ன கண்கள்! முறைக்கும்போதே இவ்வளவு அழகென்றால், சிரித்தால் என்ன ஆவது?

“ஏனுங்க… தமிழுங்களா?”

“ஆமா. திட்டினா புரியும்.”

அவள் ஸ்ரீவித்யா. பக்கத்துத் தாபோடியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். சர்வர்கள் எல்லாம் அவள் பொறுப்பு.

அன்று பிடித்த சண்டை ஓயவில்லை. “சர்வர் பக்கம் எல்லாம் சரி” என்பாள் அவள். “நெட்வொர்க் பக்கம் சுத்தமுங்க” என்பான் இவன். வானமே இடிந்து விழுந்தாலும், ‘தப்பு என் பக்கம்’ என்று இந்தத் தொழிலில் எவராவது சொன்னதுண்டா? ஆனால் கேன்டீனில் மிசல் குழம்பின் காரத்தில் இவன் கண்கலங்கியபோது, “அரே, பாத்து சாப்பிடுங்க” என்று மோரை நகர்த்தி வைத்தாள் பாருங்கள்… பையன் அங்கேயே விழுந்துவிட்டான்.

பொறுமையிழந்த மேலாளர் ஜோஷி கெடு வைத்தார். வெள்ளிக்குள் பேக்கப் ஒழுங்காக ஓட வேண்டும். இல்லாவிட்டால் யார் பக்கம் தப்போ, அவருக்கு இங்கே வேலையில்லை.

வியாழன் மாலை கோகுல் கண்டுபிடித்துவிட்டான். கேபிளின் இரு முனைகளிலும் அமைப்பு ஒன்றுபோல இருக்க வேண்டும். அவனுடைய சுவிட்சில் ‘ஆட்டோ’. அவளுடைய சர்வரிலோ, கையால் வைத்த ‘ஃபுல்’. பிறகு எங்கே ஓடும்? சொன்னால் அவளுக்கு வேலை போகும். அவள் இல்லாத தளேகாவில் இவனுக்கு என்ன வேலை? சத்தமில்லாமல் தன் சுவிட்சையும் ஃபுல்லுக்கு மாற்றிவிட்டு வீட்டுக்குப் போனான்.

வெள்ளிக் காலை… பேக்கப் இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது! ஜோஷி மராத்தியில் தாண்டவமாடினார்.

“தப்பு என்னுது, சார்!” இந்தியில் ஒரே நேரத்தில் இரண்டு குரல்கள்.

ஜோஷி இப்படியொரு அதிசயத்தைக் கண்டதே இல்லை. யாராவது ஒருவர் சரிசெய்து தொலையுங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

“நீங்க ஏனுங்க ஒத்துக்கிட்டீங்க? நேத்தே என் சுவிட்ச ஃபுல்லுக்கு மாத்திட்டனே!”

“அய்யோ… நானும் நேத்து சர்வர ஆட்டோக்கு மாத்திட்டேனே!”

மறுபடியும் இரண்டு முனையும் வேறு வேறு! பிறகு அவள் சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

“எதுக்குங்க மாத்துனீங்க?” என்றான் அவன்.

“நெட்வொர்க்தான் தப்புன்னு உங்கள அனுப்பிடுவாங்கன்னு பயம்… நீங்க?”

“அதே பயந்தானுங்க. எனக்கு உங்களை ரொம்பப் புடிச்சிருக்குங்க.”

அவள் முகம் சிவந்தது. அவன் கை கீபோர்டை நோக்கி நகர, பட்டென்று பிடித்துக்கொண்டாள்.

“எனக்கும்தான். ஆனா நீங்க ஒண்ணும் தொடாதீங்க… இந்த வாட்டி நான் மட்டும் மாத்தறேன்.”