மூச்சை விடலாம்

நேற்று பத்து இருந்தது. இன்று பதினொன்று.

திரையில் விரலை வைத்து மறுபடியும் எண்ணினாள். எக்ஸ்ரே எடுக்கிறவள் அவள். இருபது வருஷமாக எண்ணுகிறாள். மூச்சை நன்றாக இழுத்தால் நுரையீரல் கீழே இறங்கும், அதற்குள் பத்து விலா எலும்புகள் தெரியும். கணினியில் கிடக்கும் படம் மூச்சு இழுக்காது. ஆனால் கணவரின் இந்தக் கடைசிப் படத்தில் நுரையீரல் இன்னும் ஓர் எலும்பு இறங்கியிருந்தது.

அன்று நெஞ்சு வலிக்கிறது என்று வந்தவரை அவளேதான் எந்திரத்தோடு நெஞ்சை ஒட்டி நிற்க வைத்தாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் மைக்கை அழுத்தினாள். "நல்லா இழுத்துப் பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் விடக் கூடாது."

"உன்னைக் கேக்காம நான் என்னிக்கு மூச்சு விட்டிருக்கேன்?" என்று சிரித்துவிட்டு இழுத்துப் பிடித்தார்.

படம் வந்தது. இதயத்தின் மேல் பெரிய ரத்தக்குழாய் தாறுமாறாக வீங்கியிருந்தது. ஐயோ என்று டாக்டரைத் தேடி ஓடினாள். 'விடலாம்' என்று சொல்லவில்லை. தினம் அறுபது பேருக்குச் சொல்கிற வார்த்தை. திரும்பி வந்தபோது அவர் தரையில் கிடந்தார், வாயை இறுக மூடியபடி.

"குழாய் வெடிச்சதும்மா. மூச்சுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று டாக்டரம்மா நூறு தடவை சொல்லிவிட்டார். இன்று படத்தைக் காட்டியபோதும், "படம் எங்கயாவது வளருமா? முதல்ல போய்ச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டுத் தானும் சாப்பிடப் போய்விட்டார்.

வெளியே நாற்காலிகள் காலியாகிவிட்டன. கிருமிநாசினி நெடியும் ஏசியின் முனகலும் மட்டும் மிஞ்சிய அந்த ஜன்னலில்லாத அறையில், முனகலுக்கும் அடியில், யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு எதையோ அடக்குவது போன்ற ஓர் அழுத்தம் அவள் காதை அடைத்தது. திரையைப் பார்த்தாள்.

பன்னிரண்டு. மனிதனுக்கு ஒரு பக்கத்தில் இருப்பதே அவ்வளவுதான்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பதின்மூன்று.

மைக்கில் கை வைத்தாள். சொன்னால் அவர் ஒரேயடியாகப் போய்விடுவார். சொல்லாவிட்டால் பிடித்துக்கொண்டே நிற்பார், பாவி மனுஷன்.

"என்னங்க... மறந்துட்டேங்க. விடலாம்."

காலி அறையிலிருந்து நீண்ட பெருமூச்சு வந்தது. தடுப்புக் கண்ணாடியின் அந்தப் பக்கம் ஆவி படர்ந்தது. திரையில் நுரையீரல் சுருங்கியது. பத்து. எட்டு. ஐந்து.

"போயிட்டு வாங்க" என்று விம்மினாள்.

ஸ்பீக்கர் கரகரத்தது. "இப்ப நீ இழு."

அவள் நெஞ்சு தானாக நிறைந்தது.

"பிடி."

திரையில் புதுப் படம் விழுந்தது. சின்ன நெஞ்சு. கழுத்தில் அவள் கழற்றாத சங்கிலி. பத்து எலும்புகள்.

வாயைத் திறக்கப் பார்த்தாள். முடியவில்லை.

விடச் சொல்வார். அவளைப் போல மறக்கிற ஆள் இல்லை.

பதினொன்று.

சொல்வார்.

பன்னிரண்டு.