நாற்பது நடை

ஹாரன் அடித்தது அவன். கயிற்றைக் கையில் சுற்றியது அவள்.

மழை விட்டும் விடாத காலை. லாயத்துக்குப் போகும் சந்தில் ஒரு குதிரைக்குட்டி நாலு காலையும் சேற்றில் ஊன்றிக்கொண்டு நின்றது. எட்டு மாதக் குட்டி. அதைத் துரை என்று கூப்பிடுவார்கள்... கூப்பிட்டால் வராது என்பதால் வந்த பெயர்.

கயிறு பிடித்தால் கூடவே நடக்க வேண்டும் என்று அதைப் பழக்க வந்தவள், அரைமணி நேரமாக மழையில் நனைந்துகொண்டிருந்தாள். இழுத்தால் தலையைத் தூக்கியது. விட்டால் அவள் முகத்தையே வேடிக்கை பார்த்தது. விரல்கள் மரத்துப்போயின. ஈரக்கயிறு நழுவியது. எதைச் செய்யவே கூடாதோ அதைச் செய்தாள். கயிற்றைப் புறங்கையில் ரெண்டு சுற்று சுற்றிக்கொண்டாள்.

அப்போதுதான் தீவன லாரி சந்துக்குள் திரும்பியது. வழியை அடைத்து நின்றவளைப் பார்த்து டிரைவர் ஹாரனில் கை வைத்தான்.

துரை பறந்தது. அவளும் கூடவே போனாள்... முதலில் முழங்காலில், பிறகு வயிற்றில். கயிறு இறுகிக் கையைக் கவ்விக்கொண்டது. யாரோ ஓடி வரும் சத்தம். அந்த டிரைவர்தான் அவளைத் தாண்டிப் பாய்ந்து கயிற்றின் மேல் விழுந்தான். குதிகாலைச் சேற்றில் குத்திப் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தான். அவனுக்குப் பின்னால் கயிறு ஒரு முழம் தளர்ந்தது. அந்த ஒரு முழத்தில் அவள் கையை உருவிக்கொண்டாள். அவன் பிடியை விட்டதும் குட்டி கயிற்றோடு லாயத்தைப் பார்த்து ஓடியது. அது போன திசையிலேயே அவள் கண் நின்றது.

ரெண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. தீவனத் தூசியில் சிவந்த கண்கள்... அழகு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தக் கண்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையில் வளையம்போல் உரிந்திருந்த தோலைப் பார்த்தன.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"தெரிஞ்சதாலதாங்க அடிச்சேன். வழி கேட்டேன்."

"குதிரைகிட்ட இப்படித்தான் வழி கேப்பீங்களா?"

"லாரிக்கு வேற வாய் இல்லீங்களே..."

சத்தம் கேட்டு அவள் அப்பா வந்தார். அவள் கையைச் சட்டைப் பைக்குள் திணித்தாள்.

அப்பாவின் வலது கையில் மூன்று விரல்தான். இருபது வருடத்துக்கு முன்னால் கையில் சுற்றிய கயிறு மற்ற ரெண்டையும் கொண்டுபோயிருந்தது. அதனால் அவர் நடத்தும் அந்த லாயத்துக்கு ஒரே சட்டம், தீவனம் கொண்டுவருகிறவர்கள் வரைக்கும் தெரிந்தது. கயிற்றைக் கையில் சுற்றினவர் கயிற்றையும் குட்டியையும் விட்டுவிட வேண்டும். குதிரைச் சாணமான லத்தியை அள்ளப் போகலாம். மகளுக்கும் சலுகை கிடையாது. நாலு வருடம் குதிரை லத்தி அள்ளிய பிறகு அவளை நம்பி அவர் கொடுத்த முதல் குட்டி, துரை.

"என்ன ஆச்சு?"

"இவர் ஹாரன் அடிச்சாருப்பா."

உண்மைதான்... பாதி. மீதிப் பாதி அவள் பைக்குள் எரிந்துகொண்டிருந்தது. டிரைவர் அவளைப் பார்த்தான். இப்போது சொல்லப்போகிறான் என்று நினைத்தாள்.

"என் தப்புதாங்கய்யா" என்றான் அவன்.

"இனி உன் லாரி கேட்டைத் தாண்டக் கூடாது தம்பி. அங்கேயே நிறுத்திட்டுப் புல்லுக்கட்டெல்லாம் நீயே கொண்டுவந்து போடு."

"சரிங்கய்யா."

ஒரு லோடுக்கு நாற்பது கட்டு. கேட்டிலிருந்து லாயத்துக்கு இருநூறு காலடி.

ஒருநாள் விட்டு ஒருநாள் அவன் வந்தான். முதுகில் கட்டோடு போவான், வெறும் முதுகோடு திரும்புவான். சந்தில் அவள் துரையோடு நிற்பாள். இன்றைக்காவது ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று காலையிலேயே நினைத்துக்கொள்வாள். அவன் பக்கத்தில் வந்ததும் வாய் வேறு எதையாவது சொல்லும்.

"மெதுவா போங்க, குட்டி மிரளுது."

"இதுக்கு மேல மெதுவா போனா கட்டு முளைச்சிடுங்க."

சிரிப்பு வரும். கன்னத்தை உள்ளுக்குள் கடித்துக்கொள்வாள். தப்பு செய்தவள் சிரிக்கவும் செய்யலாமா...

நடந்து வரும் புல்மலையைக் கண்டு துரை முதலில் பின்வாங்கியது. அடுத்த முறை மூக்கை நீட்டியது. ஒருநாள் அவன் கடந்து போனபோது, அவன் பின்னால் ஒரே ஒரு அடி எடுத்து வைத்தது. அவள் உடனே கயிற்றைத் தளர்த்தினாள்.

அவன் நின்றான். "இப்பதானே நடந்துச்சு? இன்னும் ரெண்டு இழு இழுக்கலாமே."

"ஒரு அடி வச்சாலே தளர்த்தணும். அப்பதான் சரியா செஞ்சோம்னு அதுக்குப் புரியும். குதிரைக்கு நன்றி சொல்றது அப்படித்தான்."

அவன் கட்டை மறு தோளுக்கு மாற்றினான்.

"அந்த நன்றி குதிரைக்கு மட்டும்தானுங்களா?"

கேட்டுவிட்டுப் போய்விட்டான். அவளுக்குக் காது வரை சூடேறியது. குட்டிக்கு ஒரு அடிக்கே கொடுத்ததை, தன் விரல்களைக் காப்பாற்றியவனுக்கு இத்தனை நாளாகக் கொடுக்கவில்லை. கொடுப்பதென்றால் அப்பாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்; சொன்னால் துரை போய்விடும். துரைக்கும் அவனுக்கும் நடுவில் தான் நிற்பது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

மூன்றாவது வாரம் துரை தொய்ந்த கயிற்றில் நடந்தது. அவள் கை ஆறிவிட்டது. அவன் தோள் புண்ணாகிவிட்டது. சுமந்தவர்களுக்குத் தெரியும்... முதலில் கொப்பளிக்கும், பிறகு உரியும், அப்புறம் சட்டையைக் கழற்றுவதே தனி வேலை. அவன் சட்டைத் தோளில் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்ததை அன்றைக்கு அவள் பார்த்தாள்.

அடுத்த முறை லாரி வந்து நின்றபோது அவள் சந்துக்குப் போகவில்லை. தோல் வார் தைத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் போய்க் கையை நீட்டினாள்.

"அன்னிக்கு நான் சுத்தியிருந்தேன்பா. அவர்தான் கயிறைப் பிடிச்சு என் விரலைக் காப்பாத்தினார். எல்லாம் பார்த்தும் உங்ககிட்ட சொல்லலை."

அப்பா ஊசியைக் கீழே வைத்தார். வெளுத்த அந்தத் தழும்பை மூன்று விரலால் தடவினார்.

"ரொம்ப வலிச்சுதா?"

"ம்."

"ஒரு மாசம் லத்தி அள்ளு."

"சரிப்பா."

"இப்ப துரையைக் கேட் வரைக்கும் நீயே நடத்திட்டுப் போ. லாரியை உள்ள கொண்டுவரச் சொல்லு. திரும்பி வந்து கயிறை என்கிட்ட குடுத்துடு." ஊசியை மறுபடி எடுத்தார். நூல் ஊசிக் காதில் ஏறவில்லை. "அந்தத் தம்பியை டீ குடிச்சிட்டுப் போகச் சொல்லு. நான் பேசணும்."

தூறல் போட்டது. அவள் முன்னால் போய் இழுக்கவில்லை; அதன் தோளை ஒட்டி நடந்தாள். இருநூறு காலடியும் துரை துரையாகவே நடந்து வந்தது.

அவன் லாரி மேல் தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"லாரியை உள்ள கொண்டு வாங்க. அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"நான் சுத்தினதை."

அவன் கை நின்றது. "ஏங்க சொன்னீங்க? கயிறு போயிடுமே."

"ஒரு மாசம்தான். நீங்க ஏன் அன்னிக்கே சொல்லலை?"

"சேத்துல கிடந்தப்ப உங்க கண்ணு உங்க கையைப் பார்க்கலை. குட்டி நொண்டாம ஓடுதான்னு பார்த்துச்சு. அப்படி ஒருத்தங்க கிட்டேருந்து கயிறைப் பிடுங்க... மனசு வரலீங்க."

மூன்று வாரமாகச் சொல்லாத வார்த்தை ஒரு வழியாக வந்தது.

"நன்றிங்க... விரலுக்கு. வாயைத் திறக்காததுக்கு. எனக்காகச் சுமந்ததுக்கு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. பாவப்பட்டுச் சொல்லலை."

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு, ஏதோ திருட்டுப் பொருளைக் காட்டுகிறவன்போலத் தார்ப்பாயின் மூலையைத் தூக்கினான். உள்ளே ஒரு தள்ளுவண்டி.

"இதை நான் முதல்லயே சொல்லியிருக்கணும்... இதுல ஒரு நடைக்கு அஞ்சு கட்டு ஏத்தலாம். எட்டு நடையில வேலை முடிஞ்சிடும்."

"அப்புறம் எதுக்கு முதுகுல...?"

"முதுகுல சுமந்தா நாப்பது நடைங்க." கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். "நாப்பது தடவை உங்களைத் தாண்டிப் போகலாம்."

மழை கொஞ்சம் வலுத்தது. அவள் வண்டியைப் பார்த்தாள். அவன் தோளைப் பார்த்தாள்.

"அந்தப் புண்ணைப் பார்த்துத்தான் நான் கயிறையே விட்டேன்."

"இப்பதாங்க தெரியும். திட்டிடுங்க."

திட்டத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. துரை கழுத்தை நீட்டி அவன் சட்டைத் தோளை மோந்து பார்த்தது.

"அந்த வண்டியை இறக்குங்க" என்றாள்.

"எதுக்குங்க?"

"ஒரு மாசம் லத்தி அள்ளணும். எங்க வண்டிக்குச் சக்கரம் ஆடுது." துரையைத் திருப்பிக்கொண்டு ரெண்டு எட்டு வைத்தவள், முகத்தைக் காட்டாமலே சொன்னாள். "வண்டி மட்டும் போதாது... தள்ளவும் ஆள் வேணும்."

லாரி மறக்கப்பட்டுக் கேட்டிலேயே நின்றது. பின்னால் தள்ளுவண்டியின் சக்கரம் சேற்றில் கிறீச்சிட்டது. துரை காதைத் திருப்பியது, மிரளவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையிருக்கவில்லை. கயிறு அவள் கையில் தொய்ந்தே கிடந்தது.