இசைவுப்பூட்டு

காலை ஒத்திகையில் கூழமலை மெட்டை முதலில் ஊதிப் பார்ப்பது ரங்கியின் வேலை. டிரம்பெட்டில் அவள் மூன்றாம் சுரத்துக்குப் போவதற்குள் விசைகள் இறுகிக்கொள்ளும். குழுத்தலைவர் கனகசபை கைக்குச்சியை வீசி எறிவார். தினமும் இதே கூத்துதான்.

"உங்கம்மாவுக்கு அப்படி என்ன வீம்பு?"

"அதை அவங்ககிட்டயே போய்க் கேளுங்க சார்."

"போனேனே. நாயை அவுத்து விட்டுச்சு அந்தம்மா."

ரங்கி சிரிப்பை அடக்கிக்கொள்வாள்.

பித்தளையும் முரசுமாகத் தொல்குடிகளின் மெட்டுகளைக் கோத்து 'ஆதிமுழக்கம்' என்று ஒன்றைக் கட்டியிருந்தார் கனகசபை. முடிவுக்குக் கூழமலை மெட்டுதான் வேண்டுமாம். ஆளாளுக்கு அள்ளிக்கொண்டு போன காலம் மலையேறிவிட்டது. இப்போது எல்லாக் கருவியிலும் இசைவுப்பூட்டு உண்டு. ஒவ்வொரு குடிக்கும் ஓர் உரியவர். அவர் தோளில் உயிர்த்துடிப்பை அறியும் ஒரு சில்லு. அவர் சரியென்று சொன்னால் பூட்டு திறக்கும். அவரே எடுத்து வாசித்தாலும் அது இசைவுதான். கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. அவர் இறந்தால் அந்த நொடியே உரிமை வாரிசுக்குப் போய்விடும்.

கூழமலைக்கு உரியவள் ரங்கியின் அம்மா மாதி. "எங்க சாமியக் கூப்புடுற ஊதலு அது. டிக்கெட்டு வாங்கினவனுக்கெல்லாம் சாமி வரோணுமா?" என்று கேட்டவள். மகள் இந்தக் குழுவில் சேர்ந்த அன்று, "நாஞ் செத்தாலும் உனக்குச் சொல்லிவுட மாட்டாங்க, போ" என்று கதவைச் சாத்தினாள். அதன்பிறகு இறுகிய விசைதான் ரங்கிக்கு வீட்டுச் சேதி. அம்மா இருக்கிறாள், கோபமாகவே இருக்கிறாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அன்றும் அலட்சியமாகத்தான் ஊதினாள். மூன்றாம் சுரம் வந்தது. நான்காவதும் வந்தது. பழக்கத்தில் விரல்கள் ஓட, விசைகள் வழுக்கிக்கொண்டு இறங்கின. முரசுகள் பாய்ந்து சேர்ந்துகொண்டன. கூடம் அதிர்ந்தது.

"தெறந்திருச்சு! கெழவி எறங்கி வந்திருச்சு!" கனகசபை துள்ளினார்.

ரங்கி வாயிலிருந்து டிரம்பெட்டை எடுத்தாள். "எங்கம்மா ஒத்துக்காது சார். நிறுத்துங்க!"

யாரும் நிறுத்தவில்லை. அவள் டிரம்பெட்டைப் பார்த்தே கத்தினாள். "யார் குடுத்தா சம்மதம்?"

பூட்டு பணிவாகப் பேசியது. "இப்போதைய உரியவர் ரங்கி. சற்றுமுன் தாமே வாசித்து இசைவளித்தார்."

"எனக்கு வேண்டாம். திருப்பிக் குடு."

"திரும்பப் பெற இயலாது."

"எங்கம்மா செத்துப்போச்சு சார்."

கனகசபையின் குச்சி ஒரு கணம் நின்றது. "அடடா, பாவம்," என்றார். "ஒத்திகை முடிச்சுட்டுப் போயிட்டு வா. அதான் நீயே குடுத்துட்டியே, அப்புறம் என்ன? ம்... முதல்லேர்ந்து!"

அவர் கழுத்தை நெரிக்க வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. முரசுகள் மறுபடி முழங்கின. ரங்கி விசையில் விரலை வைத்து அழுத்தினாள், இந்த ஒருமுறை மட்டுமாவது இறுகிவிடு என்று.

அது இறங்கியது.