வாசல் இல்லாத நகரம்

நான்கு நாளில் வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் சாம்பவியின் அப்பா யாழ்ப்பாணம் போனார். கொக்குவிலில் மாமி வீட்டோடு ஓர் அறை கூட்டிக் கட்டப் போகிறாராம். கட்டடப் படம் கீறுவது அப்பாவின் தொழில். வீட்டை அளந்து, படம் கீறிக் கொடுத்துவிட்டு வரலாம் என்று இரண்டு சட்டையை மட்டும் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

வீட்டை அளந்து முடித்த அன்றே மறுபடியும் யுத்தம் தொடங்கியது. கொழும்புக்கு வரும் பாதையைப் பூட்டிவிட்டார்கள்.

அது ஓகஸ்ட் மாதம். இப்போது நவம்பர். கொழும்பு வெள்ளவத்தையில், மூன்றாம் மாடி வீட்டில், சாம்பவியும் அம்மாவும் மட்டும் இருந்தார்கள்.

அப்பா விட்டுப்போன சாமான்களில் சாம்பவிக்கு மிகவும் பிடித்தது கணினியில் இருந்த ஒரு நகரம். பழைய காலத்துச் சீனாவில் நகரம் கட்டும் விளையாட்டு அது. மஜீட் நானாவின் சிடி கடையில் வாங்கிவந்து, "பிள்ளைக்குத்தான்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். ஆனால் வேலைவிட்டு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மவுஸைப் பிடிப்பது யார் என்று அம்மாவுக்குத் தெரியாதா?

இருவரும் சேர்ந்துதான் கட்டினார்கள். ஆற்றங்கரையில் மல்பெரித் தோட்டம், அதற்குப் பக்கத்தில் பட்டு நெய்யும் வீடு, சந்தை, கோயில், கிணறுகள். அந்த மண்ணில் நெல் விளையாது. பட்டைக் கொடுத்து, வண்டியில் வரும் வியாபாரிகளிடம் அரிசி வாங்கவேண்டும். ஆயிரத்து இருநூறு சனம் அங்கே சுகமாக வாழ்ந்தது.

அப்பா போனபிறகு சாம்பவி தனியாக விளையாடினாள். ஒருநாள் தலையில் மூட்டையோடு ஒரு குட்டி மனிதன் நகரத்தைவிட்டு வெளியே நடந்து போனான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். போகிறவர்களின் முதுகைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

"ஒருத்தரும் போகவேண்டாம்" என்று சொல்லிக்கொண்டு, நகரத்தைச் சுற்றி உயரமாக மதில் கட்டினாள். ஒரு துவாரமும் விடவில்லை.

விளையாட்டுக் கணக்கில் முதல் மாதம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒருவரும் போகவில்லை. இரண்டாம் மாதம் சந்தையில் அரிசி குறைந்தது. மூன்றாம் மாதம் களஞ்சியம் காலி. சனங்கள் வீட்டு வாசலில் நின்று கையை ஆட்டிக் கோபித்தார்கள். சாம்பவி பயந்துபோய் விளையாட்டை அப்படியே நிறுத்திவைத்தாள்.

அப்பாவின் நகரத்தைப் பட்டினி போட்டாயிற்று. இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு டெலிபோன் எடுப்பார். வீட்டிலிருந்து அல்ல, ஒரு கடையிலிருந்து. பின்னால் நீளமாக வரிசை நிற்கும். ஓர் ஆளுக்கு ஐந்து நிமிடம். அம்மா கதைத்து, கொஞ்சம் அழுது, மூக்கைத் துடைத்து முடிக்கும்போது சாம்பவிக்கு அரை நிமிடம்தான் மிஞ்சும்.

"சுகமா இருக்கிறியா, பிள்ளை?"

"ஓம்."

"படிக்கிறியா?"

"ஓம்."

"சாப்பிட்டனியா?"

"ஓம்."

"நீங்கள், அப்பா?" என்று அவளும் கேட்பாள்.

"எனக்கென்ன குறை? நல்லா இருக்கிறன்."

அவ்வளவுதான், கட்டாகிவிடும். மூன்று 'ஓம்' சொல்லவா ஒரு கிழமை முழுவதும் காத்திருந்தாள்? ரிசீவரை வைத்தபிறகு ஒவ்வொரு முறையும் அப்பா இன்னும் தூரம் போய்விட்டது போலிருக்கும். அவர் நல்லா இருக்கிறன் என்று சொல்லும் குரலும் வரவர மெலிந்துகொண்டே வந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை பெல் அடிக்க முன்பே சாம்பவி டெலிபோனுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, இண்டைக்கு முதல்ல நான் கதைக்கிறன்."

"ஏன், என்ன அவசரம்?"

"நகரத்தில பிரச்சினை."

அம்மா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, "சரி, கதை" என்று தள்ளி நின்றார்.

பெல் அடித்தது. அப்பா கேட்கத் தொடங்கமுன்னரே அவள் சொன்னாள்: "அப்பா, சனத்துக்குச் சாப்பாடு இல்லை."

லைன் இரைந்தது. அப்பா உரக்கக் கேட்டார். "எத்தனை சனம்?"

"ஆயிரத்து இருநூறு."

"ஆயிரத்து இருநூறு சனத்துக்கும் அரிசி இல்லையோ?"

அவருக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றது. யாரோ ஒரு பெண் பதறிப்போய், "எந்த இடம், அண்ணை?" என்று கேட்பது சாம்பவிக்கும் கேட்டது.

"சீனா" என்றார் அப்பா.

வரிசையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்து எத்தனை மாதம்! அம்மா ஓடிவந்து ரிசீவரில் காதை ஒட்டினார்.

"அரிசி வண்டியள் எங்க நிக்குது, பிள்ளை?"

"மதிலுக்கு வெளியில. உள்ள வராமல் சும்மா நிக்குது."

"நீ வாசல் எந்தப் பக்கம் வைச்சனி?"

"வைக்கேல்லை."

"ஏன்?"

சாம்பவிக்குக் குரல் உள்ளே போனது. "வைச்சா ஆக்கள் வெளிக்கிட்டுப் போயிடுவினம், அப்பா."

தான் சொன்னதைத் தானே யோசித்துப் பார்த்தாள் சாம்பவி.

"அப்பா, வாசல் இல்லாட்டி வாற ஆக்களும் வரேலாது, என்ன?"

"ஓம், குஞ்சு" என்றார் அப்பா. "வரேலாது."

"அப்ப நான் இண்டைக்கே வைக்கிறன். பெரிசா வைக்கிறன்."

அன்று மத்தியானமே மதிலின் தெற்குப் பக்கத்தை இடித்து அகலமான வாசல் வைத்தாள். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்தன. இரண்டு குடும்பங்கள் மூட்டையோடு வெளியே போயின. பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பின்னேரத்துக்குள் ஐந்து குடும்பங்கள் புதிதாக வந்து குடியேறின.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெல் அடித்ததும் பாய்ந்து எடுத்தாள். அப்பாவின் குரல் அல்ல. முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் குரல்.

"பிள்ளை, அப்பாட்டக் கேட்டு ரிசீவரை வாங்கினனான். உங்கட சீனாச் சனத்துக்கு அரிசி வந்திட்டுதோ?"

"வந்திட்டுது, அன்ரி. சந்தை நிறைய இருக்கு."

"வந்திட்டுதாம்" என்று அந்தப் பெண் பின்னால் திரும்பிச் சொன்னார். "நல்லது, நல்லது" என்று பல குரல்கள் கேட்டன.

சாம்பவி ரிசீவரை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அன்ரி, உங்களுக்கு?"

"எங்களுக்கோ?" அந்தக் குரல் தயங்கியது. "இன்னும் இல்லை, பிள்ளை. அரிசிக் கப்பல் வருமாம் எண்டு சொல்லுகினம். இந்தாங்கோ, அப்பா நிக்கிறார்."

அப்பா ரிசீவரை வாங்கினார். அன்று அவர் 'படிக்கிறியா' என்று கேட்கவில்லை. சீனி இல்லாத தேநீரைப் பற்றிச் சொன்னார். தினமும் தோய்த்துப் போட்டு இரண்டு சட்டையும் ஒரே நிறமாகிவிட்டதைச் சொன்னார். பின்னேரமானால் வெள்ளவத்தைக் கடற்கரை ரயில் சத்தம் காதில் கேட்பதுபோல இருக்கிறது என்று சொன்னார். சாம்பவியும் அம்மாவும் ஒரே ரிசீவரில் ஆளுக்கொரு காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

சுவர் மணிக்கூட்டில் ஐந்து நிமிடம் ஆனது. பிறகு ஏழு, பிறகு பத்து. வரிசையில் நின்ற ஒருவரும் அப்பாவை அவசரப்படுத்தவில்லை.