இடி மேல் விழுந்த பழி

அழைப்பு மணியில் வைத்த விரலை எடுக்காமலே நின்றிருந்தாள் அந்தப் பாடகி. கதவைத் திறந்த மைத்துனனுக்கு மூச்சே நின்றுவிட்டது. இருக்காதா பின்னே! எந்த முகத்தைப் பேட்ஜாகச் சட்டையில் குத்திக்கொண்டு திரிகிறானோ, அந்த முகமே வாசலில் வந்து நின்று, "துப்பறிவாளர் இருக்காரா?" என்று கேட்டால் யாருக்குத்தான் நாக்கு எழும்?

"இருக்காரு... இருக்காரு... மாமா! மாமா!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினான். வந்தவளை உள்ளே அழைக்க வேண்டும் என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது.

மாமா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஊருக்குள் அவருக்குச் 'சாவகாசம்' என்று பெயர். வீடு பற்றி எரிந்தாலும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் எழுந்திருப்பார் என்று அவருடைய மனைவி, அதாவது மைத்துனனின் அக்கா, வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. மைத்துனன் அதற்கு நேர் எதிர். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். விடுமுறை நாட்களில் மாமாவுக்கு உதவியாளன். யாரும் அவனை நியமிக்கவில்லை. அவனாகவே வந்து ஒட்டிக்கொண்டான்.

பாடகி உட்கார்ந்ததும் கொட்டித் தீர்த்தாள். "எங்க புது ஆல்பம் அடுத்த வாரம் வெளியாகணும் சார். அதுக்குள்ள யாரோ திருட்டுத்தனமா இணையத்துல போட்டுட்டாங்க. மூணு வருஷ உழைப்பு. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதையாயிடுச்சு."

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகமே இல்ல. டிரம்மர்தான். இடின்னு கூப்பிடுவோம். எங்க குழுவே ரெண்டு பேர்தான் சார். கிட்டாரும் பாட்டும் நான், டிரம் அவன். பள்ளிக்கூடத்துலேர்ந்து ஒண்ணா இருக்கோம்." அவள் குரல் கொஞ்சம் தடுமாறியது. "சவுண்ட் இன்ஜினியர் எனக்கு ஒரு பிரதி, அவனுக்கு ஒரு பிரதி கொடுத்தாரு. பயிற்சிக்காக அவன் பிரதியில மட்டும் பாட்டோட கூடவே தாளம் காட்டுற 'டிக் டிக்' சத்தம் இருக்கும். திருடிப் போட்டதிலேயும் அந்த டிக் டிக் கேக்குது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? அவன் என்னடான்னா 'நான் இல்லவே இல்ல'ன்னு சாதிக்கிறான். அவனை நீக்கிட்டோம்னு இன்னிக்குச் சாயங்காலம் ரசிகர்களுக்கு அறிவிக்கப் போறேன்."

"அப்புறம் என்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

"மனசு கேக்கல சார். அவன் போயிட்டா குழுன்னு ஒண்ணு இல்லவே இல்ல. நான் நெனைக்கிறது தப்பா இருக்கணுமேன்னு வேண்டிக்கிட்டே வந்தேன்."

இடி இல்லாத அந்தக் குழுவை மைத்துனனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"உங்க பிரதி எங்க இருக்கு?" என்றார் மாமா.

"பீரோவுல பூட்டி வச்சிருக்கேன். ஒரே ஒரு தடவை கார்ல போட்டுக் கேட்டேன். சாதாரண ஸ்பீக்கர்ல எப்படிக் கேக்குதுன்னு பாருங்கன்னு இன்ஜினியர் சொன்னாரு. இந்தத் தொழில்ல எல்லாரும் செய்றதுதான். கூட யாருமில்ல."

மாமா கடைசிச் சுளையை வாயில் போட்டுக்கொண்டு, மைத்துனனைப் பார்த்தார். "அந்தத் திருட்டுப் பாட்டை எடு, கேப்போம்."

"ஐயோ, என்னால முடியாது மாமா!"

விஷயம் இதுதான். பாட்டு கசிந்த அன்றே ரசிகர் மன்றம் இரண்டாகப் பிளந்துவிட்டது. ஒரு கூட்டம் கேட்டுவிட்டு ஆகா ஓகோ என்றது. மறு கூட்டமோ, "வெளியாகும் வரைக்கும் காது மூடியே இருக்கும்" என்று சபதம் எடுத்தது. சபதக் கூட்டத்துக்குத் தலைவனே நம் மைத்துனன்தான். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரன் அந்தப் பாட்டை முணுமுணுத்தபோது எழுந்து கழிவறைக்கு ஓடியவன் அவன்.

"கொலையாளியைப் பிடிக்கப் பிணத்தைப் பாக்க மாட்டேன்னு சொல்ற போலீஸ்காரன் மாதிரி இருக்கு," என்றார் மாமா. கடைசியில், அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்பது, மைத்துனன் தலைப்புகளை மட்டும் சரிபார்ப்பது என்று சமாதானம் ஏற்பட்டது. ஆல்பத்துக்காக அச்சாகப் போகும் அட்டையைப் பாடகி மேசையில் விரித்தாள்.

மாமா பென்சிலால் மேசையைத் தட்டிக்கொண்டே கேட்டார். சில இடங்களில் தட்டுவதை நிறுத்தினார், மறுபடி தட்டினார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மைத்துனனால்தான் சும்மா இருக்க முடியவில்லை.

"மாமா, இங்க பாருங்க! நாலாவது பாட்டு அட்டையில 'கறை'. சட்டையில படியுமே, அந்தக் கறை. திருடினவன் 'கரை'ன்னு போட்டிருக்கான். ஆத்தங்கரைக்குப் போடுற எழுத்து!"

"திருடுறவனுக்கு எழுத்துச் சுத்தம் ஒரு கேடா?" என்றாள் பாடகி.

மாமா ஹெட்போனைக் கழற்றினார். "அந்தப் பாட்டை எழுதினது யாரு?"

"இடிதான். வரியெல்லாம் அவன் எழுதுவான்."

"இன்ஜினியர் கொடுத்த பிரதியில பாட்டோட பேரு இருக்குமா?"

"ஒவ்வொரு பாட்டுக்கும் பேரு போட்டுத்தான் கொடுத்தாரு."

"சபாஷ் மாப்பிள்ளை!" என்று மைத்துனன் முதுகில் தட்டினார் மாமா. எதற்கு அந்தத் தட்டு என்று மைத்துனனுக்கு விளங்கவில்லை. ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "கடைசிப் பாட்டு பாதியிலேயே நின்னுடுதே, அது அப்படித்தானா?"

"இல்லையே. முழுசாத்தான் பதிவு பண்ணினோம். அவசரத்துல வெட்டியிருப்பான்."

"சரி, உங்க கார்லேயே ஸ்டூடியோவுக்குப் போவோம்."

ஸ்டூடியோ, ஒரு பழைய கிடங்கின் பின்பக்கம் இருந்தது. இன்ஜினியர் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே சுவரெங்கும் கரும்பஞ்சு ஒட்டியிருந்தார்கள். நடுக்கூடத்தில் தொப்பையும் தாடியுமாக ஓர் ஆள் உட்கார்ந்து, வெண்கலத் தட்டுகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். அவன்தான் இடி. பாடகியைக் கண்டதும் தலை நிமிராமலே, "அந்தச் சின்னத் தட்டு உன்னோடது, வச்சுட்டுப் போறேன்," என்றான்.

"அதெல்லாம் அப்புறம் கட்டலாம் தம்பி," என்றார் மாமா. "இன்ஜினியர் சார், இவரோட பிரதியைப் போடுங்க. நிதானமான பாட்டு ஒண்ணு, வேகமான பாட்டு ஒண்ணு. மாப்பிள்ளை, நீ காதைப் பொத்திக்கோ."

மைத்துனன் சுட்டுவிரல்களைக் காதில் திணித்துக்கொண்டு, எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். மாமாவின் பென்சில் முதலில் மெதுவாகத் தட்டியது. பிறகு தடதடவென்று தட்டியது. அதன் பின் மாமா திருட்டுப் பாட்டைப் போட்டார். இப்போது நிதானமான பாட்டுக்கும் வேகமான பாட்டுக்கும் பென்சில் ஒரே கதியில் தட்டியது. இன்ஜினியர் வாயைப் பிளந்தார். பாட்டை நிறுத்தியதும் மைத்துனன் விரலை எடுத்தான்.

"இது தாளமே இல்ல சார்!" என்றார் இன்ஜினியர். "பாட்டு ஒரு பக்கம் போகுது, இது ஒரு பக்கம் போகுது. நான் டிக்னு கேட்டதும் இவன் பிரதின்னு முடிவு கட்டிட்டேனே. பாட்டு வேற, போர்வைக்குள்ள பாடுற மாதிரி மந்தமா இருக்கு."

"நடுநடுவுல வருது, கொஞ்ச நேரத்துல நின்னு போகுது. தாளம் காட்டுற சத்தம் அப்படி நிக்காதே," என்றார் மாமா. "இப்போ அந்த எழுத்துக்கு வாங்க. பிரதி கையில இருந்தவனுக்குப் பேரு கண்ணு முன்னாடி இருக்கும். 'கரை'ன்னு எழுதினவன் பேரைப் பாக்கல, பாட்டுல வர்ற சொல்லைக் காதால மட்டும் கேட்டிருக்கான். பேசுறப்போ ரெண்டும் நமக்கு ஒண்ணுதானே? ஆக, யாரும் பிரதியைத் திருடல. எங்கேயோ பாட்டு ஓடியிருக்கு, பக்கத்துல ஒரு போன் அதைப் பதிவு பண்ணியிருக்கு. எங்க ஓடிச்சுங்கறதுதான் கேள்வி. மாப்பிள்ளை, வெளியில நிக்கிற கார்ல உக்காந்து, வண்டியைத் திருப்புறதுக்கு முன்னாடி போடுவோமே, அந்த விளக்கைப் போடு."

மைத்துனன் ஓடினான். எல்லோரும் வாசலுக்கு வந்து காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். பழைய கார். விளக்கின் விசையைத் தட்டியதும் உள்ளேயிருந்து நிதானமாகக் கேட்டது: டிக், டிக், டிக், டிக்.

பாடகி அப்படியே காரின் மீது சாய்ந்துவிட்டாள்.

"இடிக்குக் கார் உண்டா?" என்றார் மாமா.

"சைக்கிள்தான் சார்," என்றான் இடி.

"நான் ரயில்ல வர்றவன்," என்று முந்திக்கொண்டார் இன்ஜினியர்.

"அப்போ ஒவ்வொரு தெருவுலேயும் திரும்பும்போது டிக் டிக். போற இடம் வந்ததும் வண்டி நின்னுது, கடைசிப் பாட்டும் பாதியில நின்னுது. அம்மா, அன்னிக்குக் கார்ல கூட யாரு?"

"சத்தியமா யாருமில்ல சார்! அத்தையைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவ்வளவுதான்."

"அத்தை 'யாருமில்ல'ங்கற கணக்குல வருவாங்களா?"

பாடகிக்கு முகம் சிவந்தது. "அப்படி இல்ல சார். என் மாமியாருக்கு என் பாட்டே ஆகாது. நான் வீட்டுல கிட்டாரை எடுத்தா அவங்க கதவைச் சாத்திடுவாங்க. அன்னிக்கும் பின் சீட்டுல கண்ணை மூடித் தூங்கிட்டுத்தான் வந்தாங்க."

மாமா ஹெட்போனை அவளிடம் நீட்டினார். "ஆறாவது பாட்டு. பாட்டை விட்டுடுங்க, பின்னாடி கேளுங்க. யாரோ கூடவே முனகுறாங்க. அது யாருன்னு நீங்கதான் சொல்லணும்."

அவள் கேட்டாள். முதலில் புருவம் சுருங்கியது. பிறகு கண் நிறைந்துவிட்டது. "அத்தை," என்றாள். "அத்தைதான். சுதி விலகாம பாடுறாங்க சார். கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நான் நெய்க்கு அலைஞ்சிருக்கேன்."

வீடு இரண்டு தெரு தள்ளித்தான். போன் செய்துவிட்டு எல்லோரும் ஸ்டூடியோவுக்குள் திரும்புவதற்குள், புதுக் கண்ணாடியோடு அத்தை வந்து சேர்ந்தாள். நடந்ததைச் சொன்னதும் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் தங்கச்சி இடுப்பொடிஞ்சு படுத்த படுக்கையா கெடக்கா. மருமக பாட்டு எப்படி இருக்கும்னு கேட்டுக்கிட்டே இருப்பா. உன்கிட்ட கேட்டா நீ என்ன நெனப்பியோன்னு, நானே போன்ல பிடிச்சு அனுப்பினேன். யாருக்கும் அனுப்பாதடின்னு சொல்லித்தான் அனுப்பினேன்! அவ சொந்தக்காரங்க குரூப்ல போட்டிருக்கா. அங்கேயிருந்து எந்தப் பய எடுத்து வெட்டி, பேரு வச்சு ஊருக்கே போட்டானோ!"

"மாமியார் உடைச்சா மண்குடம்தான். யாரும் கேள்வி கேக்க முடியாது," என்றான் இடி.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பாடகி மட்டும் சிரிக்கவில்லை. நேரே இடியிடம் போனாள். "உன்னைக் கேக்காமலே தீர்ப்பு எழுதிட்டேன்டா. மன்னிச்சுடு," என்றாள்.

"அதை விடு," என்றான் இடி. "அடுத்த வாரம் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? இன்னிக்குச் சாயங்காலமே நல்ல பிரதியை நாமளே வெளியிடுவோம். காது மூடிக் கெடக்கிற ஜனங்க பாவம்."

மைத்துனன் குதித்தே விட்டான். மாமாவைக் கட்டிக்கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றினான். மாமா கண்ணாடி விழாமல் பிடித்துக்கொண்டார்.

பாடகி மாமியாரின் பக்கத்தில் வந்து நின்றாள். "அத்தை, பாட்டு நெசமாவே பிடிச்சிருந்ததா?"

அத்தை யோசித்தாள். இடியை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வீட்டுக்கு வந்தால் கூச்சப்படாமல் சாப்பிடுகிற பையன் என்ற அளவில்தான். குழுவில் அவன் என்ன வாசிக்கிறான் என்று அவள் கேட்டதே இல்லை.

"பாட்டெல்லாம் தங்கமா இருக்கும்மா," என்றாள். "ஆனா கூடவே ஒருத்தன் டமால் டமால்னு போட்டு இடிச்சுக்கிட்டே இருக்கானே, அந்தக் கடங்காரனை மட்டும் மாத்திடு."

இன்ஜினியர் கூரையைப் பார்த்தார். மைத்துனன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

பாடகி, கட்டி வைத்த பெட்டியைத் திறந்து, தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கத் தொடங்கினாள்.

"நீங்க எது சொன்னாலும் கேக்குறேன் அத்தை," என்றாள். "அவனை மட்டும் மாத்த மாட்டேன்."

காலையிலிருந்து கண் கலங்காமல் இருந்த இடிக்கு, அப்போதுதான் அழுகை வந்தது.