இடது கை

ஏசியைப் போட்டதும் செத்த வாடை குப்பென்று அடித்தது. உள்ளே எலி ஏதாவது செத்துக் கிடக்கும் என்று ஷிவோன் மூக்கைச் சுளித்தாள். வாடகைக் காரை எடுத்த அன்று உள்ளே ஏன் அவ்வளவு சென்ட் மணத்தது என்று இப்போதுதான் புரிந்தது.

அன்று சாவியைக் கொடுக்கும்போதே வாடகைக்கார ஸ்டெலியோஸ் சொல்லியிருந்தான். "அயர்லாந்துல நீங்க இடப்பக்கம் ஓட்டுவீங்க. எங்க கிரீட் தீவுல வலப்பக்கம். கியரும் வலது கைக்குத்தான். இடது கை பழக்கதோஷத்துல கதவுப் பக்கம் கியரத் தேடும் மேடம். தேட விட்றாதீங்க."

வாரம் முழுக்க அவள் கணவன் டெக்லன்தான் ஓட்டினான். இன்று மதியம் சாப்பாட்டுக் கடைக்காரர் உபசாரமாகக் கொண்டுவந்து வைத்த ராக்கிச் சாராயத்தை, வேண்டாமென்றால் அவர் மனம் நோகும் என்று, அவள் பங்கையும் சேர்த்துக் குடித்துத் தொலைத்தான். வெட்கங்கெட்ட மனுஷன். விமானத்துக்கோ நேரமாகிவிட்டது. வண்டி அவள் தலையில் விழுந்தது.

"வலதும்மா... வலது," என்று உளறினான்.

"நாறுதே, உனக்குத் தெரியல?"

"ஆட்டுக்கறி தின்னோம்ல..." என்றவன் அப்படியே குறட்டை விட்டான்.

மலைப்பாதையில் வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. ஈ ஒன்று அவள் உதட்டில் உட்கார்ந்து எழுந்தது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடிக்கவும், அந்த ஊர் வழக்கப்படி ஓரத்து வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஒதுங்கி அதற்கு வழிவிட்டாள். கியரைக் குறைக்க இடது கை தானாகப் போய்க் கதவின் உட்பக்கப் பைக்குள் விழுந்தது. பிசுபிசுவென்று எதுவோ ஒட்டியது. விரலை முகர்ந்தாள், அதே செத்த வாடை. பாவாடையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள், போகவில்லை.

அடுத்த வளைவில் பாழாய்ப்போன கை மறுபடி அங்கேயே போனது. இம்முறை விரலில் ஈரமுடி சுற்றிக்கொண்டு வந்தது. நீள முடி, வேரில் தோல் துணுக்கோடு. உதறி எறிந்தாள். நிறுத்தவும் இடமில்லை, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். இடது கையை ஸ்டியரிங்கில் அழுத்தி வைத்துக்கொண்டாள். இனி எடுக்கவே கூடாது.

சுரங்கப்பாதை வந்தது. உள்ளே விளக்கில்லை. வேகம் குறைத்தாள்.

நினைப்பதற்குள் கை இறங்கிவிட்டது.

விரல்கள். உள்ளே விரல்கள் இருந்தன. ஊறிப் போனவை. ஒன்றில் மோதிரம். இழுத்தாள். மோதிரத்தோடு தோலும் உரிந்து அவள் கைக்குள் வந்தது. மீதிக் கை விடவில்லை. வழுக்கி வழுக்கி மேலே ஏறி, அவள் கையோடு சேர்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தது. இடப்பக்கம் திருப்பியது.

"டெக்லன்! எந்திரி!"

அவன் கண் திறக்கவில்லை. "ஏன் கத்துற? சரியாத்தானே போற... நம்ம ஊர் பக்கம்."

எதிரே லாரி வெளிச்சம். அதில் தெரிந்தது. அவள் விரல்களுக்கு நடுவே, நகமில்லாத ஐந்து விரல்கள், ஆசையாகக் கோத்துக்கொண்டிருந்தன.