குண்டு விரலும் ஏழாம் எண் பேருந்தும்

ஏழாம் எண் பேருந்தின் ஓட்டுநர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பயணிகள் பார்த்ததில்லை. அவருடைய சொந்த மகளே பார்த்ததில்லை. நல்ல நகைச்சுவை ஒன்றைக் கேட்டால், "சரி" என்பார். மிக நல்ல நகைச்சுவையாக இருந்தால், "சரி, சரி" என்பார்.

அப்படிப்பட்ட அம்மா, முதுகுவலிக்கான சிகிச்சை மேசையில் குப்புறப் படுத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தபோது, அருகில் நின்ற மகள் முதலில் பயந்துதான் போனாள்.

மகளுக்கு வயது பத்து. ஓயாமல் கேள்வி கேட்பவள் என்பதால் வீட்டில் அவளைக் 'கேள்வி' என்றே கூப்பிட்டார்கள்.

அவள் பார்த்த அறையில் பொருள்கள் அதிகம் இல்லை. ஒரு மேசை, அதில் முகத்தை வைத்துக்கொள்ள ஒரு துளை, பக்கத்தில் ஓர் இயந்திரக் கை. அந்தக் கையின் முனையில், ரப்பர் போர்த்திய ஓர் உருண்டை இருந்தது. மேலே இருந்த கேமரா முதுகின் வடிவத்தைப் பார்த்துச் சொல்ல, அந்த உருண்டை இடுப்புத் தசைகளை அழுத்தித் தேய்க்கும். உடம்பு குலுங்கினாலோ, தசை விறைத்தாலோ உடனே விலகிக்கொள்ளும். கேள்வி அதற்குக் 'குண்டு விரல்' என்று பெயர் வைத்துவிட்டாள்.

குண்டு விரல் மெல்ல இறங்கி இடுப்பைத் தொட்டது. அம்மா சிரித்தார். உடம்பு குலுங்கியது. குண்டு விரல் மேலே எழும்பி, "தயவுசெய்து அசையாதீர்கள்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு மறுபடியும் இறங்கியது. அம்மா மறுபடியும் சிரித்தார். சிறிது நேரத்தில், அது இறங்கும் ஓசையைக் கேட்டே சிரிக்கத் தொடங்கினார். சிகிச்சை தரும் அக்கா, இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தம் கையால் முயன்று பார்த்தார். சிரிப்பு இன்னும் கூடியது.

வெளியே வந்ததும் அம்மாவின் முகம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. இனிமேல் இங்கே வரப்போவதில்லை என்றார்.

"ஊரே வேடிக்கை பாக்கிற மாதிரி ஆயிடுச்சு."

"ஊர் எங்கம்மா பாத்துச்சு? நானும் அந்த அக்காவும்தான் பாத்தோம்."

"அது போதாதா?"

ஆனால், அது அவ்வளவு எளிதாக விட்டுவிடக்கூடிய விஷயம் அன்று. மாதக் கடைசியில் பணிமனை மருத்துவர் அம்மாவைப் பரிசோதிக்கப்போகிறார். தொடர்ந்து வண்டி ஓட்ட முடியாது என்று அவர் எழுதிவிட்டால், பேருந்து வேறொருவர் கைக்குப் போய்விடும். அம்மா சீட்டு கொடுக்கும் சன்னலுக்குப் பின்னால் இருக்க வேண்டியதுதான். இதை அம்மா ஒருமுறைதான் சொன்னார். சொன்னபோது, அவருடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல மடியில் வளைந்திருந்தன.

அன்று மாலை விளையாடிவிட்டு வந்து கால் கழுவும்போது, கேள்வி திடீரென்று நின்றாள். உள்ளங்காலை அழுக்குப் போகத் தேய்த்துக்கொண்டிருந்தாள், கூசவே இல்லை. தம்பி தொட்டால் மட்டும் ஏன் உயிர் போகிறது?

அவள் முக்காலியில் உட்கார்ந்து தம்பியைக் கூப்பிட்டு, ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷைக் கொடுத்து, காலைக் கூசவைக்கச் சொன்னாள். தம்பி காரணம் எதுவும் கேட்கவில்லை. இதற்காகவே பிறந்தவன்போல வேலையைத் தொடங்கினான். அவளால் தாங்க முடியவில்லை.

அடுத்து, பிரஷ் அவன் கையிலேயே இருக்க, அவன் மணிக்கட்டைப் பிடித்து அவளே நகர்த்தினாள். ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். அப்போதும் இல்லை. தம்பிக்குப் பொறுக்கவில்லை. கையை உருவிக்கொண்டு, தன் விருப்பப்படி ஒரு கோடு இழுத்தான். கேள்வி முக்காலியிலிருந்து கீழே விழுந்தாள்.

விழுந்த இடத்திலேயே கிடந்து யோசித்தாள். கால் அதேதான், பிரஷ்ஷும் அதேதான். நகர்த்துவது யார் என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது. அடுத்து எங்கே போகும் என்று தெரிந்தால் கூசுவதில்லை.

இதை உடனே அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால், அந்தச் சிரிப்பு போய்விடுமே? அவள் வாழ்நாளில் ஒரே ஒருமுறை கேட்ட சிரிப்பு அது.

சாப்பிடும் நேரத்தில் அம்மா நின்றுகொண்டே சாப்பிட்டார். உட்கார்ந்தால் எழுந்திருப்பது கடினம். அதைப் பார்த்த பிறகு, கேள்வி அதிகம் யோசிக்கவில்லை.

"இன்னும் ஒரே ஒரு தடவை போலாம்மா. சிரிப்பு வந்தா நானே உங்களத் திரும்பக் கூட்டிட்டு வந்துடறேன்."

அம்மா "சரி" என்றார்.

மறுநாள் சிகிச்சை அறையில் கேள்வி, தம்பியையும் பிரஷ்ஷையும் பற்றி அந்த அக்காவிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். முக்காலியை மட்டும் விட்டுவிட்டாள். பிறகு, குண்டு விரலைக் கையால் நகர்த்த வழி உண்டா என்று கேட்டாள்.

வழி இருந்தது. மேசைக்கு அடியிலிருந்து அக்கா ஒரு சிறிய கைப்பிடியை எடுத்துக் காட்டினார். அதை அசைக்கும் பக்கமெல்லாம் குண்டு விரலும் நகரும். இயந்திரத்துக்கு வேலை கற்றுக்கொடுக்கும்போது, சிகிச்சையாளர்கள் அதைப் பயன்படுத்துவார்களாம். நோயாளியிடம் அதைக் கொடுத்துப் பார்த்ததில்லையாம். அவர் சிறிது யோசித்து, அழுத்தம் ஓரளவுக்கு மேல் போகாதபடி பூட்டினார். சிவப்பு நிறுத்தப் பொத்தானைத் தம் கையில் வைத்துக்கொண்டார்.

குப்புறப் படுத்திருந்த அம்மாவின் முகத்துக்கு நேர்கீழே ஒரு திரை இருந்தது. அதில் அவருடைய முதுகு ஊர் வரைபடம்போலத் தெரிந்தது. கைப்பிடியை வாங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"பிரேக் எங்க?"

"கைய விட்டா நின்னுடும், மேடம்."

"நல்ல வண்டிதான்."

குண்டு விரல் இறங்கியது. கேள்வி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். உருண்டை இடுப்பைத் தொட்டது. அம்மாவின் உதடுகள் ஒருமுறை துடித்தன. அவ்வளவுதான். குண்டு விரல் நிதானமாக மேலே போனது, வளைந்தது, திரும்பி வந்தது.

"முதுகெலும்பு மேல மட்டும் ஏத்திடாதீங்க, மேடம்" என்றார் அக்கா.

"நடைபாதை மேல நான் வண்டி ஏத்தினதே இல்லம்மா."

அதன் பிறகு அம்மா வாரந்தோறும் தவறாமல் வந்தார். தசைகளின் இறுக்கம் மெல்ல மெல்லத் தளர்ந்தது. அக்கா சொல்லித்தந்த உடற்பயிற்சிகளையும் வீட்டில் செய்தார். மாதக் கடைசியில் பணிமனை மருத்துவர் நீண்ட நேரம் பரிசோதித்துவிட்டு, ஏழாம் எண் பேருந்தை அம்மாவிடமே விட்டுவைத்தார்.

செய்தியைக் கேட்ட அம்மா, "சரி, சரி" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, வலியில்லாமல் குனிந்து காலணியின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். கேள்வியின் சுட்டுவிரல் சத்தமில்லாமல் அவருடைய இடுப்பை நோக்கி நகர்ந்தது.

"வேணாம்டி. கைப்பிடி இப்ப என் கையில இல்ல" என்றார் அம்மா, நிமிராமலே.

விரல் இன்னும் தொடவில்லை. ஆனால், அம்மா சிரிக்கத் தொடங்கியிருந்தார்.